பண்புசார் ஆய்வில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பதும் அடுக்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர்காணல், குழு விவாதம், களக்குறிப்பு என்று தரவு சேர்க்கிறவர்களுக்கான பக்கம் இது. இருபது பேரிடம் பேசும் சின்ன ஆய்வு என்றாலும் ஆளுக்கு ஓர் ஒலிப்பதிவு, எழுத்துப்படி (பதிவில் உள்ள பேச்சை எழுத்தாக்கியது), சரிபார்த்த எழுத்துப்படி, அடையாளம் நீக்கிய எழுத்துப்படி, ஒப்புதல் படிவம், களக்குறிப்பு என 120 கோப்புகள் சேர்ந்துவிடும். மெமோக்கள் (பகுப்பாய்வின்போது நமக்கே எழுதிக்கொள்ளும் குறிப்புகள்), அத்தியாய வரைவுகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரவில்லை. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று கோப்புப் பெயர்களைத் தமிழிலேயே எழுதிக் காட்டியிருக்கிறேன். நிஜத் திட்டத்தில் தமிழில் வைக்கலாமா என்பது தனிக் கேள்வி, கீழே வருகிறது.

நல்ல கோப்புப் பெயர் எப்படி இருக்கும்?

எனக்குப் பிடித்த வடிவம் இது:

பங்07_நேர்1_2024-03-15_எழுத்துப்படி_வ02

ஏழாம் பங்கேற்பாளர், முதல் நேர்காணல், நடந்த நாள், இது என்ன வகைக் கோப்பு, எத்தனையாவது பதிப்பு. கோப்பைத் திறக்காமலே இவ்வளவும் தெரிகிறது. ஆனால் அந்த ஏழாம் ஆள் யார் என்பது மட்டும் தெரியவில்லை. அதுதான் நமக்கு வேண்டியது.

பகுதிகளுக்கு நடுவில் அடிக்கோடு, ஒரு பகுதிக்குள்ளே சிறுகோடு என்று பிரித்துக்கொண்டால் பின்னால் பெயரை வெட்டி அட்டவணை போடுவது சுலபம். இடைவெளி வேண்டாம். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, மேற்கோள்குறி போன்றவற்றை விண்டோஸ் பெயரில் ஏற்றுக்கொள்வதே இல்லை.

எண் முதலில் வருவதா, தேதி முதலில் வருவதா என்று கேட்பார்கள். நேர்காணல் கோப்புகளுக்கு எண் முதலில். ஒரே ஆளுடைய கோப்புகள் அடுத்தடுத்து நிற்கும். களக்குறிப்புக்கும் மெமோவுக்கும் தேதி முதலில். அவற்றை நாள் வரிசையில்தான் படிப்போம். ஒரே திட்டத்தில் இரண்டு வடிவம் இருந்தால் தப்பில்லை. ஒரே வகைக் கோப்புக்கு இரண்டு வடிவம் இருந்தால்தான் தொல்லை.

தேதியில் ஆண்டை ஏன் முதலில் போட வேண்டும்?

கணினி பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கும்போது ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதிய தேதி தானாகவே கால வரிசைக்கு வந்துவிடும். ஐஎஸ்ஓ 8601 தரநிலை (முதலில் வந்தது 1988இல்) சொல்வதும் இதே வடிவத்தைத்தான். 03-04-2024 என்று எழுதினால் ஒருவர் ஏப்ரல் 3 என்பார், இன்னொருவர் மார்ச் 4 என்பார்.

அதைவிடப் பெரிய கேள்வி, எந்தத் தேதி என்பது. நேர்காணல் நடந்த தேதி. எழுத்துப்படி தயாரித்த நாளோ திருத்திய நாளோ அல்ல. ஒரே நேர்காணலின் எல்லாக் கோப்புகளிலும் ஒரே தேதி இருந்தால்தான் அவை ஒரு குடும்பம் என்று தெரியும். களக்குறிப்பை இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து எழுதினீர்களா? பெயரில் களத்துக்குப் போன நாள், கோப்பின் முதல் வரியில் எழுதிய நாள். இந்த இடைவெளியே ஒரு தகவல்தான். நினைவிலிருந்து எழுதியது எது என்று அது பிறகு சொல்லும்.

கணினி காட்டும் தேதியை நம்ப வேண்டாம். விண்டோஸில் ஒரு கோப்பை நகலெடுத்தால் ‘உருவாக்கிய தேதி’ நகலெடுத்த தேதியாக மாறிவிடும். ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரம் பேட்டரி தீர்ந்து ஆரம்பத் தேதிக்குப் போயிருக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவின் பெயரில் உள்ள தேதியும் நீங்கள் தேடும் நிகழ்வின் தேதி அல்ல.

1, 2, 3 என்று எண்ணிட்டால் போதாதா? 01, 02 எதற்கு?

பல நிரல்கள் 1க்கு அடுத்து 10, 11 என்று போய், அப்புறம்தான் 2க்கு வரும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் எண்ணாகப் புரிந்துகொண்டு அடுக்கும் என்பதால் அங்கே இது தெரியாது. வேறு மென்பொருளில் இறக்கும்போது தெரியும். நூறு பேர் வரலாம் என்று தோன்றினால் 001 என்றே ஆரம்பியுங்கள்.

பங்கேற்பாளரின் பெயரையோ முதலெழுத்தையோ வைக்கலாமா? எனக்கு மட்டும்தானே தெரியப்போகிறது?

வைக்க வேண்டாம். கோப்புப் பெயர் எல்லா இடத்திலும் தலைகாட்டும். மின்னஞ்சல் இணைப்பில், சமீபத்தில் திறந்தவை பட்டியலில், நெறியாளரிடம் திரையைப் பகிரும்போது, தட்டச்சு செய்து தருபவரின் கணினியில், மேகச் சேமிப்பின் அறிவிப்பில் எல்லாம். கோப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்தாலும் அதன் பெயர் பூட்டுக்கு வெளியேதான் நிற்கிறது.

முதலெழுத்தும் அப்படித்தான். ஒரு சின்ன அலுவலகத்தையோ ஒரு கிராமத்தையோ ஆய்வு செய்தால் இரண்டு எழுத்து போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மருத்துவமனைப் பதிவு எண், கல்லூரி வரிசை எண், கைபேசியின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவையும் வேண்டாம். அவையெல்லாம் வேறொரு பட்டியலில் பெயரோடு இருக்கின்றன.

எண்ணை எப்படித் தருவது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பெயர்களை அகர வரிசையில் எழுதி 01, 02 என்று போட்டால் வரிசையே காட்டிக்கொடுக்கும். ‘ஆசிரியர்_பெண்_52’ என்று பண்புகளைப் பெயருக்குள் திணிப்பது சிலருக்குப் பழக்கம். பார்வைக்கு வசதிதான். ஆனால் தொழில், பாலினம், வயது மூன்றும் சேர்ந்தால் அது ஆளின் முகவரி மாதிரி. தவிர, பண்புகள் மாறும்: ஓய்வு பெறுவார்கள், ஊர் மாறுவார்கள். அவற்றை அட்டவணையில் வையுங்கள், எண்ணில் வேண்டாம்.

ஆய்விலிருந்து விலகிய ஒருவரின் எண்ணை இன்னொருவருக்குத் தராதீர்கள். வரிசையில் ஓர் ஓட்டை இருப்பது அழகில்லைதான், இருக்கட்டும்.

அப்படியானால் புனைபெயர் எதற்கு?

புனைபெயர் வாசகருக்கு, எண் கோப்புக்கு. ஆய்வேட்டில் ‘பங்07 அழுதார்’ என்று எழுத முடியாது, அங்கே ஒரு பெயர் வேண்டும். ஆனால் புனைபெயர்கள் எழுதும்போது மாறும்: இரண்டு பெயர்கள் ஒரே மாதிரி ஒலிக்கின்றன என்று ஒன்றை மாற்றுவோம், பங்கேற்பாளரே வேறு பெயர் கேட்பார். கோப்புப் பெயரில் அதை வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் எல்லாக் கோப்பையும் மாற்ற வேண்டிவரும்.

எண், புனைபெயர், உண்மைப் பெயர் மூன்றையும் இணைக்கும் தாள் ஒன்றே ஒன்று இருக்கும். அதைத் திறவுகோல் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து, மற்றத் தரவுகள் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் இருக்க வேண்டும். இப்படி எண் கொடுத்துவிட்டாலே தரவு பெயரற்றதாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. திறவுகோல் இருக்கும்வரை அது தனிநபர் தரவுதான். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியும் அப்படித்தான் பார்க்கிறது.

ஃபோல்டர்களை ஆள்வாரியாகப் பிரிப்பதா, வகைவாரியாகப் பிரிப்பதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்கான பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஒலிப்பதிவு, ஒப்புதல் படிவம், எழுத்துப்படி எல்லாவற்றையும் வைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். பார்க்க ஒழுங்காகவும் இருக்கும். ஆனால் நாளைக்கு அடையாளம் நீக்கிய எழுத்துப்படிகளை மட்டும் ஒரு சக ஆய்வாளருக்குத் தர வேண்டும். இருபது ஃபோல்டருக்குள் போய் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சோம்பல் பட்டு மொத்த ஃபோல்டரையும் பகிர்ந்தால் ஒப்புதல் படிவத்தில் உள்ள கையெழுத்தும் கூடவே போய்விடும்.

ஃபோல்டரைப் பிரிக்க வேண்டியது ‘இதை யார் திறக்கலாம்’ என்ற கேள்வியை வைத்துத்தான். பகிர்வு அனுமதி ஃபோல்டருக்குத்தானே தருகிறோம். அதனால் அனுமதி மாறும் இடத்தில் ஃபோல்டரும் மாற வேண்டும். ‘இது யாருடையது, என்ன’ என்ற கேள்விக்குக் கோப்பின் பெயர் பதில் சொல்லட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு:

00_நிர்வாகம்
01_மூலம் (ஒலிப்பதிவு, படங்கள், படிக்க மட்டும்)
02_எழுத்துப்படி_பெயருடன்
03_எழுத்துப்படி_அடையாளம்நீக்கியது
04_களக்குறிப்பு
05_பகுப்பாய்வு
06_எழுத்து

இதில் 01, 02 இரண்டும் முதன்மை ஆய்வாளருக்கு மட்டும். 03 குழுவில் எல்லோருக்கும். 04ஐப் பற்றி ஒரு வார்த்தை: களக்குறிப்பில்தான் உண்மைப் பெயர்களும் நம் மனதில் பட்ட கருத்துகளும் அதிகம். அதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டுவிட்டுப் பிறகு வருந்துவோர் உண்டு.

ஒப்புதல் படிவங்கள் இந்தப் பட்டியலிலேயே இல்லை, கவனித்தீர்களா? ஸ்கேன் செய்த படிவத்துக்குப் ‘பங்07_ஒப்புதல்’ என்று பெயர் வைத்தால், உள்ளே பெயரும் கையெழுத்தும் வெளியே எண்ணுமாக அந்த ஃபோல்டரே இன்னொரு திறவுகோலாகிவிடும். அது திறவுகோல் கோப்போடுதான் இருக்க வேண்டும்.

மூன்று நான்கு அடுக்குக்கு மேல் ஆழம் வேண்டாம். விண்டோஸில் பாதை முழுவதற்கும் வழக்கமான வரம்பு 260 எழுத்து. நீளமான ஃபோல்டர் பெயர்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் அந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடும். நகலெடுக்கும்போது சில கோப்புகள் பாதியில் நிற்கும்.

கருப்பொருள் வாரியாக ஃபோல்டர் போடலாமா? ‘வேலையின்மை’, ‘குடும்பம்’ என்று?

வேண்டாம். ஒரே நேர்காணலில் ஐந்து கருப்பொருள் வரும், கோப்பை ஐந்து இடத்தில் நகலெடுப்பீர்கள், ஒன்றில் மட்டும் திருத்துவீர்கள். கருப்பொருள் வாரியாகப் பிரிப்பது கோடிங் (எழுத்துப்படியின் பகுதிகளுக்குக் கருப்பொருள் குறி இடுவது) செய்யும் வேலை.

என்விவோ, மேக்ஸ்க்யூடிஏ, அட்லஸ்.டிஐ போன்ற பண்புசார் பகுப்பாய்வு மென்பொருள் பயன்படுத்துகிறேன். எல்லாம் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறதே?

அதனால்தான் உள்ளே ஏற்றும் முன்பே பெயரைச் சரிசெய்ய வேண்டும். இறக்குமதி செய்யும்போது கோப்பின் பெயரே ஆவணத்தின் பெயராக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நீங்கள் வெளியே மாற்றினால் உள்ளே மாறாது. பாலினம், வயது, தொழில் போன்றவற்றை அட்டவணையிலிருந்து ஏற்றும்போதும் மென்பொருள் பெயரை வைத்துத்தான் பொருத்திப் பார்க்கும். ‘பங்07’ என்றும் ‘பங்_7’ என்றும் இருந்தால் அதற்கு இரண்டு ஆட்கள்.

பெரிய ஒலி, காணொளிக் கோப்புகள் பெரும்பாலும் திட்டக் கோப்புக்கு வெளியே இருக்கும், உள்ளே இணைப்பு மட்டும்தான். அவற்றை இடம் மாற்றினாலோ பெயர் மாற்றினாலோ இணைப்பு அறுந்துவிடும். திட்டக் கோப்பை மேகத்தோடு ஒத்திசைக்கும் ஃபோல்டரில் வைத்துத் திறந்து வேலை செய்வதும் ஆபத்து. சேமிப்பு நடக்கும்போதே ஒத்திசைவும் நடந்தால் கோப்பு கெடலாம். கணினியில் வைத்து வேலை செய்யுங்கள், மூடியபின் தேதியிட்டு ஒரு நகலை மேகத்தில் போடுங்கள்.

இந்த மூன்று மென்பொருளுக்கும் இடையே திட்டத்தைக் கொண்டுபோக ரெஃபி-க்யூடிஏ என்ற பொது வடிவம் இருக்கிறது. உரிமம் முடியும் முன் அந்த வடிவில் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. பல்கலைக்கழக உரிமம் முடிந்த மறுநாள் சொந்தத் தரவையே திறக்க முடியாத நிலை ரொம்பக் கொடுமை.

‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘உண்மையான_ஃபைனல்’… இதற்கு என்ன வழி?

‘ஃபைனல்’ என்ற சொல்லையே தடை செய்துவிடுங்கள். வ01, வ02 போதும். நிலையைச் சொல்ல வேண்டும் என்றால் முன்பே முடிவு செய்த மூன்று சொற்கள்: வரைவு, சரிபார்த்தது, அடையாளம்நீக்கியது. அதற்குமேல் யாரும் சொந்தமாகச் சேர்க்கக் கூடாது.

மூல ஒலிப்பதிவுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. அதைத் தொடவே மாட்டோம். இரைச்சல் நீக்க வேண்டுமா, நகலெடுத்து அதில் செய்யுங்கள்.

எல்லா எழுத்துப்படியின் எல்லாப் பதிப்பையும் சேர்த்து வைக்கத் தேவையில்லை. ஆனால் கோடிங் சட்டகத்தின் (கோடிங் குறிகளின் பட்டியல்) ஒவ்வொரு பதிப்பையும் தேதியோடு வையுங்கள். ‘இந்தக் கருப்பொருளுக்கு எப்படி வந்தீர்கள்’ என்று தேர்வாளர் கேட்கும்போது நினைவிலிருந்து பதில் சொல்வதைவிட, இரண்டு கோடிங் குறிகள் எந்த மாதம் ஒன்றாயின என்று காட்டுவது பலம்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

இன்றைய இயங்குதளங்கள் எல்லாமே ஒருங்குறியை (யூனிகோட்) புரிந்துகொள்ளும். உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் என்றால் தாராளமாக வைக்கலாம். பலர் கையில், பல மென்பொருள் வழியாகப் போகும் என்றால் ஆங்கில எழுத்தும் எண்ணுமே பாதுகாப்பு. இரண்டு நடைமுறைக் காரணங்கள் உண்டு.

ஒன்று, நீளம். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘தமிழ்’ என்ற சின்னச் சொல்லுக்கே 15 பைட் ஆகிறது. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு வழக்கமான உச்ச வரம்பு 255 பைட், அதாவது 85 குறிகள்தான்.

இரண்டாவது இன்னும் விசித்திரமானது. ஒகர, ஓகார உயிர்மெய்களை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். ‘கோ’ என்பதை ஓகாரக் குறி ஒன்றைப் போட்டும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸோ பைட்டை மட்டும் ஒப்பிடும். அதனால் ஒரே பெயர் போலத் தெரியும் இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், தேடினால் ஒன்று கிடைக்காது. தமிழில் பெயர் வைத்தே தீர்வேன் என்பவர்கள் ஒ, ஓ, ஔ வரிசை வராத சொற்களாகப் பார்த்து வையுங்கள். கொஞ்சம் கிறுக்குத்தனமான விதிதான், ஆனால் வேலை செய்யும்.

பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்த எழுத்துப்படிகள் கையில் இருந்தால் முதலில் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு அப்புறம் மற்ற வேலை. இல்லாவிட்டால் தேடல், கோடிங் எதுவும் நடக்காது.

பெயர்களை மாற்றிவிட்டேன். அடையாளம் இன்னும் எங்கே ஒளிந்திருக்கும்?

நிறைய இடங்களில். வேர்ட் கோப்பில் ‘மாற்றங்களைப் பதிவுசெய்’ வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நீக்கிய பெயர் உள்ளேயே இருக்கும், ஒரு சொடுக்கில் வெளியே வரும். ஓரக் கருத்துகளையும் ஆவணத்தின் பண்புகளில் பதிந்த ஆசிரியர் பெயரையும் பாருங்கள். பக்கத் தலைப்பில் பழைய கோப்புப் பெயர் அச்சாகியிருக்கலாம். கைபேசிப் புகைப்படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு இருக்கும். ஐஃபோனின் குரல்பதிவுச் செயலி, இடத்தின் பெயரையே பதிவுக்குப் பெயராக வைக்கக்கூடியது. பங்கேற்பாளர் வீட்டில் பதிவு செய்தால் அவருடைய தெருப் பெயர் கோப்புப் பெயராகிவிடும். அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துப்படியில் ‘தேடி மாற்று’ செய்வதில் தனிச் சிக்கல் உண்டு. ‘செல்வம்’ என்று தேடினால் ‘செல்வத்திடம்’ கிடைக்காது. ‘கலா’வை மாற்றப்போனால் ‘கலாச்சார’மும் சேர்ந்து மாறும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘அனைத்தையும் மாற்று’ பொத்தான் பக்கமே போகாதீர்கள்.

குழு விவாதத்துக்கும், ஒரே ஆளைப் பலமுறை சந்திப்பதற்கும்?

குழுவுக்குத் தனி எண்: குழு03_2024-05-02_ஒலி. யார் யார் இருந்தார்கள் என்பது அட்டவணையில். பலமுறை சந்தித்தால் நேர்1, நேர்2. ஆளின் எண் மாறாது.

தனியாக ஒரு பட்டியல் தாள் தேவையா?

தேவை. ஒரு வரிக்கு ஒரு நேர்காணல்: எண், தேதி, நேர்கண்டவர், எத்தனை நிமிடம், எந்த மொழி, எழுத்துப்படி ஆனதா, சரிபார்த்தாயிற்றா, அடையாளம் நீக்கியாயிற்றா, பகிர ஒப்புதல் உண்டா. கோப்புப் பெயரில் திணிக்க ஆசைப்படும் எல்லாவற்றுக்கும் இதுதான் இடம். பக்கத்தில் ரீட்மீ என்று ஒரு பக்கக் குறிப்பு. பெயர் வைக்கும் விதியும் சுருக்கெழுத்துகளின் விளக்கமும் அதில் இருக்கட்டும். குழுவாக வேலை செய்தால் களத்துக்குப் போகும் முன்பே அதை எழுதி, ஒருவரை அதற்குப் பொறுப்பாக்குங்கள். எல்லோரும் பொறுப்பு என்றால் யாருமே பொறுப்பில்லை.

பாதி ஆய்வு முடிந்துவிட்டது. எல்லாம் ஒரே குழப்பம். இப்போது என்ன செய்வது?

முதலில் எதையும் தொடாமல் முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுத்துப் பூட்டி வையுங்கள். அடுத்து ஒரு தாளில் பழைய பெயர், புதிய பெயர் என்று இரண்டு வரிசை. அதை முடித்தபிறகே பெயர் மாற்றம். மொத்தமாக மாற்ற விண்டோஸில் பவர்டாய்ஸ் தொகுப்பில் ஒரு கருவி உண்டு. மேக்கில் ஃபைண்டரிலேயே வசதி இருக்கிறது. கருவியிலிருந்து இறக்கிய ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாக முப்பது வினாடி கேட்டுப் பாருங்கள். நினைவக அட்டையை அழித்தபின் பல கருவிகள் எண்ணை மறுபடி 1இலிருந்து தொடங்கும். ஒரே பெயரில் இரண்டு நேர்காணல் இருக்கலாம்.

மென்பொருளில் ஏற்றிக் கோடிங் தொடங்கிய கோப்புகளை மட்டும் விட்டுவிடுங்கள். அவற்றின் பழைய பெயரைப் பட்டியல் தாளில் குறித்தால் போதும். ஒழுங்குக்காகக் கோடிங்கை இழப்பது லாபமில்லை.

பேக்கப்?

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழகிய விதி. ஒத்திசைவு பேக்கப் ஆகாது. நீங்கள் தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். சிடி தரத்தில் ஸ்டீரியோ வேவ் பதிவு மணிக்குச் சுமார் 635 எம்பி என்பதால் இடத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் ‘என் பேச்சை எடுத்துவிடுங்கள்’ என்றால்?

அவருடைய எண்ணைத் தேடுங்கள். ஒலிப்பதிவு, எல்லாப் பதிப்பு எழுத்துப்படியும், மென்பொருளுக்குள் இருப்பது, பேக்கப்பில் இருப்பது, தட்டச்சு செய்தவரிடம் இருப்பது ஆகிய அத்தனையையும் அழிக்க வேண்டும். பெயர் ஒழுங்காக இருந்தால் பெரும்பகுதி ஒரே தேடலில் வந்துவிடும். தேடலில் வராதவை: மெமோவில் ஒட்டிய மேற்கோள், அத்தியாய வரைவில் அவர் சொன்ன வரி. அதனால்தான் எங்கே மேற்கோள் எடுத்தாலும் பக்கத்தில் எண்ணையும் சேர்த்தே ஒட்டச் சொல்கிறேன்: (பங்07, நேர்1).

ஆய்வு முடிந்தபின் எதை வைத்திருப்பது?

ஒப்புதல் படிவத்தில் என்ன சொன்னீர்களோ அதைத்தான். ஒலிப்பதிவை அழிப்பதாகச் சொல்லியிருந்தால் அழிக்க வேண்டும், எத்தனை அருமையான பதிவாக இருந்தாலும். காப்பகத்துக்குத் தருவதாக இருந்தால் 03 ஃபோல்டர், பட்டியல் தாள், ரீட்மீ, நேர்காணல் கேள்விகள், கோடிங் சட்டகம் ஆகியவை போகும். எழுத்துப்படியை எளிய உரை வடிவிலும் பிடிஎஃப்/ஏ வடிவிலும், ஒலியை வேவ் அல்லது ஃப்ளாக் வடிவிலும் வைத்தால் நீண்ட காலம் திறக்கும். தேதியே ஆளைக் காட்டிக்கொடுக்கும் சின்னச் சூழல் என்றால் கொடுக்கும் முன் கோப்புப் பெயரிலிருந்து நாளை எடுத்துவிட்டு ஆண்டை மட்டும் விடுங்கள். திறவுகோல் கோப்பு எந்தக் காப்பகத்துக்கும் போகாது. அதை எப்போது, யார் அழிப்பது என்பதை ரீட்மீயில் இன்றே ஒரு வரி எழுதி வையுங்கள்.